யோன்சிம் அக்காவின் பச்சைப் போன்

குவாக் யோன்சிம் புதுப் போன் வாங்கியது யாரோடும் பேசுவதற்காக அல்ல, படம் எடுப்பதற்காகவும் அல்ல. பழைய போனைச் சுவர் ஏற்க மறுத்துவிட்டது, அதனால்.

இஞ்சோன் துறைமுகத்தை ஒட்டிய மான்சோக் பகுதியில் என் அம்மா மல்நியோ தனியாக இருந்தாள். அந்த வீட்டில் செருப்பு கழற்றும் இடத்துக்கு மேலே, சுவரில் ஒரு சின்ன வெள்ளை வில்லை ஒட்டியிருந்தது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பராமரிப்பாளர் வரும் வீடுகளில் எல்லாம் அது உண்டு. வந்ததும் போனை அதன்மேல் வைக்க வேண்டும். கிளம்பும்போதும் வைக்க வேண்டும். போன் ஒரு சத்தம் கொடுத்தால்தான் வேலைக்கு வந்ததாகப் பதிவாகும். யோன்சிம் அக்காவின் பழைய போன் சத்தம் கொடுக்காது. அவர் அதைத் தேய்த்துப் பார்ப்பார், திருப்பி வைப்பார், உறையைக் கழற்றிவிட்டு அழுத்துவார். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"செவுத்துக்கு ஒத்தடம் குடுத்தது போதும் பொண்ணே. உள்ள வா, தண்ணி கொதிக்குது."

"இது கத்தாம நான் உள்ள வந்தா, வராத மாதிரிதான் பெரியம்மா."

"அப்ப என் கண்ணு முன்னாடி நிக்கிறது யாரு? பேயா?"

"ஆபீசுக்கு நான் பேய்தான்."

பொண்ணே என்று அம்மா கூப்பிட்ட யோன்சிம் அக்காவுக்கு அறுபத்தொரு வயது. அவரை அனுப்பிய பராமரிப்பு மையத்தில் எல்லோரும் அவரை டீச்சர் என்பார்கள். பராமரிப்பாளர்களை அப்படித்தான் மரியாதையாக அழைப்பது. அம்மாவுக்கு அது வாயில் வரவில்லை. "என்ன பாடம் எடுக்கிறா, டீச்சர்னு கூப்பிட? துணி துவைக்கிறா, சோறாக்குறா, எங்கூட சண்ட போடுறா" என்பாள்.

அக்கா அதற்கு முன் இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு சூப் கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவியவர். கணவர் சரக்கு லாரி ஓட்டினார். முதுகில் அறுவை சிகிச்சை ஆனபின் வீட்டோடு இருந்துவிட்டார். கடை மூடியபோது அக்கா பராமரிப்பாளர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார். காலையில் என் அம்மா. மதியத்துக்கு மேல், இரண்டு பஸ் மாறிப் போகிற தொலைவில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு கிழவர். நடுவில் பஸ்ஸில் உட்காரும் நேரம்தான் அவருக்குச் சொந்தமானது. அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஜன்னலப் பார்ப்பேன்" என்றார். "வெளியவா?" என்றேன். "இல்ல, ஜன்னலத்தான்."

சந்தைக்குப் பக்கத்துக் கடையில்தான் அந்தப் போனை வாங்கினார். வெளிர் பச்சை நிறம். விலை உயர்ந்ததும் இல்லை, மலிவும் இல்லை. கடைப் பையன் அதற்கு நடுத்தரம் என்று பேர் சொன்னானாம்.

"எங்கிட்ட இருக்கிறது எல்லாமே நடுத்தரம்தான் தங்கச்சி" என்றார் என்னிடம். "பிரிட்ஜு நடுத்தரம். கோட்டு நடுத்தரம். புருஷன் நடுத்தரம். இதுவும் வந்து சேந்துக்கிச்சு."

நான் வேலை பார்ப்பது தொலைவில், தேஜோன் நகரில், ஒரு நூலகத்தில். மாதத்தில் இரண்டு ஞாயிறு அம்மாவிடம் போவேன். மற்ற நாட்களில் மதியவேளையில் அக்காவிடமிருந்து ஒரு படம் வரும்: அம்மா சாப்பிட்டு முடித்த கிண்ணம். கீழே எப்போதும் ஒரே வரிதான் இருக்கும். முழுசா சாப்பிட்டாங்க. அல்லது, பாதி சாப்பிட்டாங்க. புதுப் போன் வந்த பிறகு அந்தப் படங்களின் நிறம் மாறியது. கிம்ச்சி ஊறுகாய் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருந்தது. காலிக் கிண்ணம்கூடச் சாப்பிடத் தூண்டியது.

போன் வாங்கிக் கொஞ்ச நாள் கழித்து நான் போன ஞாயிறு, அக்காவும் வந்திருந்தார். அன்று அவருக்கு வேலை நாள் இல்லை. வீட்டில் ஊறவைத்த முள்ளங்கி மிஞ்சிவிட்டது என்று கொண்டுவந்திருந்தார். போன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தரையில் கால்களை நீட்டி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"செவுத்துல வச்சா ஒரே தடவைல கத்துது. அதுக்குத்தானே வாங்கினேன், அது நடக்குது. சார்ஜு நிக்குது. காலைல போட்டா, ராத்திரி நான் செத்துருவேன், அது உயிரோட இருக்கும். ஆனா கனம். படுத்துக்கிட்டே பாத்தேன், மூக்கு மேல விழுந்துச்சு. வெரல வச்சாத் தெறக்கும்னான் அந்தக் கடைப் பையன். எங்க தெறக்குது?"

அவர் கட்டைவிரலைத் திரையில் வைத்தார். திரை குலுங்கிவிட்டு அப்படியே இருந்தது. மறுபடி வைத்தார். பிறகு விரலைத் திருப்பி எனக்குக் காட்டினார். பாத்திரச் சோப்பும் வெந்நீரும் தின்று, ரேகை என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை.

"போனுக்கு நான் யாருன்னே தெரியல. சரி, மூஞ்சியக் காட்டினா தெறக்கும்னான். நான் நாள் முழுக்க மாஸ்க்கு போட்டிருக்கேன். அதனால கோடு போட்டுத் தெறக்கிறேன். பழைய போன்ல போட்ட அதே கோடு."

"கேமரா நல்லாருக்கேக்கா. சாப்பாடு நல்லா வருது."

"சாப்பாட்டுக்குத் தனியா ஒண்ணு இருக்கு, தட்டு படம் போட்டது. அத அமுக்கினா பழைய சோறு கூடப் புதுசாத் தெரியுது. மனுஷங்களத்தான் அதுக்குப் புடிக்கல."

அம்மா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள். "அவகிட்ட காட்டு. அந்தச் சீமாட்டியக் காட்டு."

அக்கா காட்டினார். திரையில் அம்மா இருந்தாள். அல்லது அம்மாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருத்தி இருந்தாள். வழவழப்பான வெளுத்த முகம். கண் பெரிதாக, தாடை ஒடுங்கி. இடது கன்னத்தில் ஒன்றுமே இல்லை.

அம்மாவின் இடது கன்னத்தில், காதுக்குக் கீழிருந்து வாயோரம் வரை ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. இளவயதில் ஒட்டுப்பலகை ஆலையில் வேலை செய்தபோது, உருளையிலிருந்து தெறித்த மரப்பட்டை அறைந்து கிழித்தது. அதே வரிசையில் நின்ற ஒரு பையன் தன் சட்டையைக் கழற்றி அவள் முகத்தில் அழுத்தி, முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவன்தான் என் அப்பா. அந்தத் தழும்பை அம்மா வாழ்நாளெல்லாம் படங்களுக்குக் காட்டியதில்லை. என் பள்ளி விழாப் படங்களில், உறவினர் கல்யாணப் படங்களில், எல்லாவற்றிலும் வலது கன்னம்தான். ஆனால் கடைசிப் படத்துக்கு, சாவுக்கு வைக்கும் படத்துக்கு, தழும்பு தெரிய வேண்டும் என்றாள்.

எங்கள் பக்கம் வயதானவர்கள் அந்தப் படத்தை உயிரோடு இருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். அம்மா வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தாள். ஸ்டூடியோக்காரர்கள் சொல்லாமலே முகத்தைத் தேய்த்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். புதுப் போனைப் பார்த்ததும் அவளாகவே கேட்டிருக்கிறாள்: பொண்ணே, அதுல என்ன எடு, நல்லா நேரா எடு.

"உங்கப்பன் போயி எத்தன வருஷமாச்சு" என்று என்னிடம் சொன்னாள். "அவனுக்குக் கண்ணும் சரியில்ல. இந்தக் கோடு இல்லாம நான் போயி நின்னா, யாரும்மா வேணும் உனக்குன்னு கேப்பான். மூஞ்சி மாறிப்போச்சு, முடி போச்சு, பல்லு போச்சு. இது ஒண்ணுதான் அவன் பாத்த மாதிரியே இருக்கு."

"ஜன்னல்கிட்ட வச்சு எடுத்தேன், விளக்குப் போட்டு எடுத்தேன்" என்றார் அக்கா. "எப்படி எடுத்தாலும் தொடச்சிடுது. கடைக்குப் போயிக் கேட்டேன். பொம்பளைங்க வாங்கினா அழகு கூட்டுறத முழுசா ஏத்தித்தான் தருவோம், எல்லாரும் அதத்தான் கேப்பாங்கன்னான். எறக்குடான்னேன். ஏதோ பண்ணிக் குடுத்தான். அப்பறமும் அப்படியேதான் வருது."

நான் போனை வாங்கி அங்கங்கே தட்டிப் பார்த்தேன். மறுபடி எடுக்கலாம் என்றபோது அம்மா சீப்பைத் தூக்கிப் போட்டாள்.

"போதும். உங்களுக்காகத் தல வாரி வாரி இருந்த நாலு முடியும் கொட்டிருச்சு. குளிர் போகட்டும். குன்சான்காரியக் கூட்டிக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போறேன். அவ பக்கத்துல நின்னா அந்தப் பய தேய்க்க மாட்டான்."

குன்சான்காரம்மா அம்மாவோடு படகுத்துறையில் ஒன்றாகச் சிப்பி உரித்தவர். குன்சானிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் பக்கத்தில் நின்றால் யாரும் எதையும் தேய்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான்.

குளிர் போகவில்லை. அம்மாவுக்குச் சளி பிடித்து, நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்த அந்த வாரமே போய்விட்டாள்.

அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் துக்க மண்டபம். வரிசையாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டாரின் துக்கம். எங்களுக்கு மூன்றாம் அறை கொடுத்தார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட மண்டப ஊழியர் முதலில் கேட்டது படத்தைத்தான். என்னிடம் இருந்ததெல்லாம் வலது கன்னம். நேராகப் பார்க்கும் படங்கள் அந்தப் பச்சைப் போனில் மட்டும்தான் இருந்தன. அக்காவிடம் கேட்டேன், கிழவர் வீட்டில் இருந்தபடியே ஒன்றை அனுப்பினார். ஊழியர் அதை வாங்கிப்போய், கழுத்துக்குக் கீழே இளஞ்சிவப்புப் பட்டு உடுப்பு ஒன்றை ஒட்டி, போன் விட்டுவைத்த ஒன்றிரண்டு சுருக்கத்தையும் துடைத்து, பெரிதாக்கிக் கொண்டுவந்து வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவில் வைத்தார். அம்மாவின் தங்கை என்று சொன்னால் நம்பலாம். அம்மாவுக்குத் தங்கை கிடையாது.

அதைத் திருப்பிக் கொடுக்க அன்று எனக்குத் தெம்பில்லை. வருகிறவர்களுக்குப் பதில் வணக்கம் செய்வதிலேயே நாள் போயிற்று. ஆனால் மூன்றாம் நாள் காலையில் அம்மாவை எடுக்க வேண்டும். சவப்பெட்டிக்கு முன்னால் அந்தப் படத்தை ஏந்திக்கொண்டு நடக்க வேண்டியவள் நான்தான் என்பது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

இரண்டாம் நாள் மதியம் குன்சான்காரம்மா வாசலில் வந்து நின்றார். மூக்கு சிவந்திருந்தது. வாயோரத்தில் சூப்பின் எண்ணெய்.

"ஏண்டி இன்ஹே" என்றார் என்னைப் பார்த்து. "உங்கம்மாவ எங்கடி வச்சிருக்க?"

"இங்கதான் பெரியம்மா. வாங்க."

"இங்க ஏற்கெனவே வந்து பாத்தேன். யாரோ ஒரு பேங்க் மேனேஜர் பொண்டாட்டி ஒக்காந்திருந்தா. தப்பா வந்துட்டோம்னு ஒவ்வொரு ரூமா எட்டிப் பாத்தேன். அஞ்சாம் ரூமுல ஒரு கிழவி இருந்தா. மூஞ்சி கொஞ்சம் மனுஷ மூஞ்சியா இருந்துச்சு. எங்கண்ணுதான் தெரியுமே. ஊதுவத்தி வச்சு, விழுந்து கும்பிட்டு, அழுது, வந்தவங்களுக்கு ஊத்துற சூப்பும் குடிச்சிட்டேன்."

"அவங்க ஒண்ணும் கேக்கலியா?"

"எப்படிப் பழக்கம்னு அவ மக கேட்டா. உங்கம்மாவும் நானும் ஒண்ணாச் சிப்பி உரிச்சோம், சம்பள நாள்ல ஒண்ணாக் குடிச்சோம்னேன். செத்தது ஹெட்மிஸ்ட்ரஸாம். அந்தப் புள்ள மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. ஆனா சூப்பு இன்னொரு கரண்டி ஊத்தினா. நல்ல வளப்பு."

அறையில் இருந்த உறவினர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

குன்சான்காரம்மா படத்துக்கு முன்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். கும்பிடவில்லை.

"இதத்தான் நாளைக்குத் தூக்கிட்டுப் போகப் போறியா?"

நான் சாய்ந்திருந்த ஒரு சாமந்தியை நிமிர்த்தி வைத்தேன்.

"உங்கப்பன் வாசல்லயே நிப்பான். ஆளு மாத்தி அனுப்பிட்டாங்கன்னு திருப்பி அனுப்பிடுவான். அப்பறம் அவ எங்க போவா?"

சாயங்காலம் யோன்சிம் அக்கா வந்தார். கிழவர் வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். கோட்டில் கிருமிநாசினி வாடை. படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, முழங்காலுக்கு ஒரு கை கொடுத்து, விழுந்து வணங்கினார். எழுவதற்கு நான் கைகொடுக்க வேண்டியிருந்தது. சுவரோரமாகப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் படத்த எடுத்த மகராசி நீதானா?" என்றார் குன்சான்காரம்மா.

"நானும் போனுமா எடுத்தோம்."

"அவ தழும்ப எங்க போட்டீங்க ரெண்டு பேரும்?"

அக்கா கோட்டுப் பையைத் துழாவினார். போனை எடுத்தார், திரையில் கோட்டைப் போட்டார், படங்களைத் தள்ள ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலோரச் சீமாட்டி. விளக்கடிச் சீமாட்டி. சீப்போடு சீமாட்டி. அதற்குப் பின்னால் கிண்ணங்கள். நாளுக்கொன்றாகக் கிண்ணங்கள். நான் பஸ்ஸில், நூலக மேசையில், சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டு மூடிய அதே கிண்ணங்கள். சோயாக் குழம்பு. அரிசிக் கஞ்சி. மீன் முள் மட்டும் மிஞ்சிய தட்டு. அவர் விரல் ஒரு படத்தின்மேல் நின்றது.

"இது தப்பா எடுத்தது" என்றார். "அன்னிக்குக் கையால பிச்சுப் போட்ட மாவுச் சூப்பு. நான் அமுக்கப் போற நேரத்துல கிண்ணத்தத் தூக்கிட்டாங்க, அடில இருந்ததக் குடிக்க. எறக்குறப்ப அமுங்கிருச்சு, கிண்ணம் ஓரத்துல போயிடுச்சு. அதான் உங்களுக்கு அனுப்பல. வேற எடுத்து அனுப்பினேன்."

சாப்பாட்டுக்கென்று இருந்த குறியில் எடுத்த படம். அந்தப் போன் அங்கே முகத்தைத் தேடவில்லை போலிருக்கிறது, சூப்பைத்தான் தேடியிருக்கிறது. நடு வட்டம் மட்டும் தெளிவாகவும் சுற்றிலும் மங்கலாகவும் இருந்தது. அந்த நடு வட்டத்தில் கிண்ணம் இல்லை, அம்மா இருந்தாள். குடித்து முடித்துக் கிண்ணத்தை இறக்கிய கணம். ஆவி பட்டுக் கன்னம் சிவந்திருந்தது. பூப்போட்ட பழைய பஞ்சுச் சட்டை. நேராகப் பார்த்தபடி, என்னத்தடி எடுக்கிற என்று கேட்க வாயெடுத்தது போல. காதிலிருந்து வாயோரம் வரை தழும்பு, கிம்ச்சிக்குக் கொடுத்த அதே பளிச்சென்ற நிறத்தில்.

குன்சான்காரம்மா போனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். பிறகு போனை என் மடியில் வைத்து, "போ. போயி அந்தக் கறுப்புக் கோட்டுக்காரனக் கூப்பிடு" என்றார்.

மண்டப ஊழியர் அந்தப் படத்தை விரும்பவில்லை. பட்டு உடுப்பு ஒட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். உதட்டுக்குக் கீழே மாவுத் துணுக்கு ஒட்டியிருக்கிறது, அதையாவது எடுத்துவிடட்டுமா என்றார். குன்சான்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, அதத் தொட்ட, ராத்திரி முழுக்க ஒன் ஆபீசுலதான் ஒக்காந்திருப்பேன்."

"இல்ல பாட்டி, மத்த ரூம்காரங்க பாத்தா நாங்க வேலையச் சரியாச் செய்யலன்னு நெனப்பாங்க."

"நெனைக்கட்டும். அஞ்சாம் ரூமுல எனக்கு ஆளு தெரியும். நான் சொல்லிக்கிறேன்."

ஊழியர் படத்தை வாங்கிக்கொண்டு போனார். அது பெரிதாகி வருவதற்குள் நான் அக்காவுக்குச் சாப்பாடு வைத்தேன். காரமான மாட்டிறைச்சிச் சூப்பு, சோறு, அவித்த பன்றிக்கறி. இரண்டு வாய் சாப்பிட்டார். அம்மா போய்விட்டதால் இனி காலை வேலை கிடையாது. மையத்தில் வேறு வீடு பார்த்துத் தர நாளாகும். அதைப் பற்றிக் கேட்டேன்.

"தருவாங்க" என்றார். "கெழவங்களுக்கா பஞ்சம்." கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்டுச் செவுத்துல இருக்கிற வில்லையப் பிச்சுக் கொண்டாந்து குடுக்கச் சொன்னாங்க. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கட்டுமா? இப்ப அந்தக் கதவத் தெறக்க முடியல தங்கச்சி" என்றார்.

எப்ப வேணும்னாலும் வாங்கக்கா என்றேன்.

படம் வந்தது. ஊழியர் பழையதை எடுத்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, புதியதைச் சாமந்திகளுக்கு நடுவில் நிறுத்தினார். பெரிதாக்கியதில் ஓரங்கள் இன்னும் கலங்கிப்போயிருந்தன. கீழ் மூலையில் கிண்ணத்தின் விளிம்பு, வெள்ளையாக ஒரு கீற்று மட்டும், தப்பித்து நின்றது. அதை வெட்ட முடியவில்லை என்றார் ஊழியர், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

குன்சான்காரம்மா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முதலிலிருந்து எல்லாம் செய்தார். ஊதுவத்தியைப் பற்றவைத்து நட்டார். விழுந்து வணங்கி, எழுந்து, மறுபடி வணங்கினார். இந்த முறை அழவில்லை. அழுகையை ஹெட்மிஸ்ட்ரஸுக்குக் கொடுத்துவிட்டார். படத்தின் அருகே போய், துறையில் இரைச்சலுக்கு மேலே பேசுகிற அதே உரத்த குரலில் கேட்டார்.

"ஏண்டி மல்நியோ. சாப்பிட்டியா?"

பதில் எனக்குப் பின்னாலிருந்து, சுவரோரமாக வந்தது. யோன்சிம் அக்கா கண்ணை மூடியிருந்தார். கிண்ணம் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. பச்சைப் போன் கையிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. தூக்கத்திலா விழிப்பிலா என்று எனக்குத் தெரியவில்லை.

"முழுசா சாப்பிட்டாங்க" என்றார்.